இன்னும் ஒரு சுற்று

"தம்பி, எங்க வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்தாரா?"

காப்புக்காட்டின் வாசலில் சாவிக்கொத்தோடு நின்றிருந்த காவலருக்கு அந்த அம்மாளைப் பார்த்ததும் பாதி உயிர் போயிற்று. இதே கேள்வியை அந்த அம்மாள் கேட்பது இது மூன்றாவது முறை.

"வந்தாரும்மா. உங்களைக் காணோம்னு மறுபடியும் உள்ளே போயிட்டார்."

"எந்தப் பக்கமா போனார்?"

"அம்புக்குறி போட்ட பக்கம்தான். இடது பக்கம்."

"போய் ரொம்ப நேரம் ஆச்சா?"

இப்போதுதான் போனார், எட்டி நடந்தால் பிடித்துவிடலாம் என்று காவலர் வழி காட்டினார். அம்மாளுக்குக் கால் வலியாம். நிதானமாகப் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

இத்தனைக்கும் அது ஒன்றும் பெரிய காடு இல்லை. வாசலில் கிளம்பி, மரங்களுக்கு நடுவே நடந்து, ஒரு குளத்தைச் சுற்றிக்கொண்டு, அரை மணியில் வாசலுக்கே வந்து சேரும் வட்டப்பாதை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட அதில் வழி தவறியதில்லை. இந்தத் தம்பதி மட்டும் மத்தியானம் குளத்தங்கரையில் ஒருவரை ஒருவர் தவறவிட்டுவிட்டு, அதிலிருந்து செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார்கள். போன் செய்யலாம் என்றால் காட்டுக்குள் சிக்னல் கிடையாது.

வேறு நாளாக இருந்தால் காவலர் இதை வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பார். இன்றைக்கு மகளின் பள்ளியில் நாடகம். அவள் மரமாக நிற்கிறாள். மரத்துக்கு வசனம் கிடையாது, ஆனாலும் அப்பா முன்வரிசையில் இருந்தே ஆக வேண்டுமாம். போன வருடம் போக முடியாமல் போனதற்கு ஒரு வாரம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. உள்ளே ஆள் இருக்கும்வரை கேட்டைப் பூட்ட முடியாது. வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் மிச்சம் நின்றதோ இவர்களுடைய கார் ஒன்றுதான்.

"இங்கேயே இருங்கம்மா. எப்படியும் சுத்திட்டு இங்கதானே வரணும் அவர்."

"எப்படித் தம்பி இருக்க முடியும்? ரிட்டயர் ஆன நாள்ல இருந்து அவர் என்னை விட்டு ஒரு நிமிஷம் நகர்ந்ததில்லை. சமையல்கட்டுல நின்னா அங்க வந்து நிப்பார், மாடிக்குப் போனா மாடிக்கு வந்துடுவார். இப்ப எங்க தவிச்சுக்கிட்டு இருக்காரோ."

சொல்லிவிட்டு எழுந்து, இடது பக்கமாகவே போய்விட்டார். காவலர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவர் சலித்துப்போன பிறகு, வலது பக்கத்திலிருந்து கணவர் வந்தார், தலையில் தொப்பியும் கையில் ஒரு குச்சியுமாக. தேடி அலைந்தவர் முகம் வாடியிருக்க வேண்டும். இவர் முகமோ அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் தெளிவாக இருந்தது. நடையால் இவருக்காவது உடம்பு தேறுகிறதே என்று காவலர் எரிச்சலோடு நினைத்துக்கொண்டார்.

"அவ வந்தாளா தம்பி?"

"வந்துட்டு, திரும்பவும் உங்களைத் தேடிப் போயிட்டாங்க."

"எந்தப் பக்கம்?"

காவலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயா, ரெண்டு பேரும் ஒரே பக்கமா சுத்தினா விடிய விடியச் சுத்தினாலும் பார்த்துக்க மாட்டீங்க. இப்ப வந்த வழியிலேயே திரும்பிப் போங்க. எதிர்லயே வருவாங்க."

அந்தப் பக்கம் ஏற்றம், முட்டி தாங்காது என்றார் அவர். சொல்லிக்கொண்டே இடது பக்கம் நடையைக் கட்டினார். காவலர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து, பெஞ்சில் உட்கார வைத்தார்.

"விடுங்க தம்பி. அவ சொல்லாம நான் ஒரு வாய் காபி குடிச்சதில்லை. போட்டுக்கிற சட்டைகூட அவ எடுத்துக் கொடுக்கிறதுதான். நான் பக்கத்துல இல்லாம என்ன பண்றாளோ."

"அவங்க வர்ற வரைக்கும் நீங்க இங்கிருந்து அசையக் கூடாது. எனக்கும் வீடு வாசல் இருக்கு ஐயா."

மகளையும் நாடகத்தையும் மரத்தையும் பற்றிக் காவலர் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். பெரியவர் பாவம்போல் கேட்டுக்கொண்டு, பாதை முடியும் திசையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்தத் திருப்பத்தில் அம்மாளின் தலை தெரிந்தது. காவலருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஒரு வழியாக இரண்டு பேரும் ஒரே இடத்தில். இப்போது பூட்டிக்கொண்டு கிளம்பினால்கூடத் திரை விலகுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கையைத் தூக்கிக் கூப்பிட வாயைத் திறந்தார்.

பெஞ்சில் இருந்த தொப்பி கண்ணில் பட்டதும் அம்மாள் சட்டென்று நின்றார். காவலரைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தார். அப்படியே ஓசைப்படாமல் பின்வாங்கி, மரங்களுக்குள் நழுவிவிட்டார்.

காவலர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். ஷூ கயிற்றைக் கட்டுகிற சாக்கில் குனிந்து, முழங்கால்களுக்கு நடுவே முகத்தை ஒளித்துக்கொண்டிருந்த கணவர், நிமிராமலே ரகசியக் குரலில் கேட்டார்:

"அவ என்னைப் பார்த்துட்டாளா தம்பி?"