ஓடை காத்த ஒற்றுமை

கோடை தொடங்கும் முன் மலைச்சோலை விலங்குகள் கூட்டம் போட்டன. காட்டுத்தீ வந்தால் சோலை எரியும், அதில் பிறக்கும் ஓடையும் வற்றிவிடும் என்று தலைவர் மயில் கண்கலங்கப் பேசினார். தீ தாண்டாதபடி சோலையைச் சுற்றிச் சருகைக் கூட்டி, அகலமாகப் பாதை போடுவது என்று முடிவானது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

குட்டிகளுக்குப் பால் கொடுக்க வேண்டியிருந்ததால் முள்ளம்பன்றி கூட்டத்துக்கு வரவில்லை. செய்தி கேட்டு, மறுநாள் காலையில் வேலைக்கு வந்தாள். அங்கே வேறு யாரும் இல்லை. மரத்தில் இருந்த குரங்கைக் கூப்பிட்டாள்.

"நான் ஒருத்தன் வராட்டி என்னக்கா? அத்தனை பேர் கைதட்டினாங்களே, வருவாங்க" என்றான் அவன்.

யாரும் வரவில்லை. நகம் தேயத் தேய அவள் தனியாகவே சருகைக் கூட்டினாள். ஓடைப் பக்கம் மட்டும் முடித்திருந்தபோது தீ வந்துவிட்டது. சோலையில் பெரும்பகுதி கருகியது. அவள் போட்ட பாதையோரம் வந்து தீ நின்றது. ஓடையும் அதையொட்டிய சில மரங்களும் தப்பின.

புகை அடங்கியதும் மயில் அங்கேயே பாராட்டு விழா வைத்தார். "நம் ஒற்றுமை காப்பாற்றிய ஓடை இது!" என்று முழங்கி, குரங்குக்கு மாலை போட்டார்.

அப்போது முள்ளம்பன்றி குட்டிகளோடு தண்ணீர் குடிக்க வந்தாள். மயில் மறித்தார்.

"நீ கூட்டத்துக்கே வரலையேம்மா! தண்ணி உறுப்பினர்களுக்கு மட்டும்தான்."

அவள் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நேராக நடந்தாள். உறுப்பினர்கள் அத்தனை பேரும், முதன்முறையாக ஒன்றுசேர்ந்து, வழிவிட்டார்கள்.