தலை உரசாமல்

மரம் வெட்டும் காட்டில் யானை கோதண்டனுக்கும் டிராக்டருக்கும் தினமும் இதே வாய்ச்சண்டைதான்.

"உனக்குக் கரும்பு வேணும், களி வேணும், மதம் பிடிச்சா லீவு வேணும். எனக்கு டீசல் ஊத்தினாப் போதும், பெருசு," என்றது டிராக்டர்.

"மழை பெஞ்சா உன் சக்கரம் சேத்துல சுத்துமே ஒழிய நகராது. அதை விடு, தம்பி. மரம் இழுக்கிற லட்சணமா அது? நான் வடத்தைப் பல்லால கடிச்சு, மரத்தோட தலையைத் தூக்கிப் பிடிச்சுக் கொண்டுவருவேன். நீ மண்ணுல தேய்ச்சுக்கிட்டே வர்ற."

டிராக்டருக்குச் சுருக்கென்றது. ஒருநாள் காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டது.

ஆடி மாதம் அடைமழை பிடித்தது. டிராக்டர் சரிவில் ஏற முடியாமல் சேற்றில் நின்றுவிட, கோதண்டனை அனுப்பினார்கள். ஈரத்தில் அதன் கால் வழுக்கியது. இழுத்து வந்த மரம் உருண்டு அதன்மேலேயே விழுந்தது. யானை எழுந்திருக்கவில்லை.

மழை விட்டதும் அதே வடத்தை யானையின் பின்னங்காலில் கட்டி, மறுமுனையை டிராக்டரில் மாட்டினார்கள். டிராக்டர் மெதுவாகத்தான் போனது. ஆனால் தலையைத் தூக்கிப் பிடிக்க அதற்கு வழியில்லை. வழிநெடுக யானையின் தலை மண்ணில் தேய்ந்துகொண்டே வந்தது.

புதைகுழியை நெருங்கும்போது டிராக்டர் கேட்டது: "ஏதாவது சொல்லேன், பெருசு."