இடது பக்கம் வந்த பந்து

இது சிரிப்புக் கதை. சிரிக்க வேண்டிய இடத்தை நானே சொல்கிறேன். அதற்கு முன்னால் யாரும் பல்லைக் காட்டக் கூடாது. அப்பாவிடமும் அவர் சிநேகிதர் மார்ட்டியிடமும் இதையேதான் சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் ஊர் ஃபுட்பால் டீம் (ஹெல்மெட் மாட்டி, பந்தைக் கையால் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால்) மட்டமான டீம். மட்டமான டீமுக்கு ஒரே ஒரு சலுகை உண்டு. ஏப்ரல் மாத டிராஃப்டில் கல்லூரிப் பையன்களை டீம்கள் வரிசையாகப் பொறுக்கும்போது, முதல் சுற்றில் எல்லோருக்கும் முன்னால் கை வைக்கலாம்.

அதிலும் சொத்தையாகத்தான் பொறுக்குவோம்.

அதனால் டிராஃப்டுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், கனத்த பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற அப்பாவின் பௌலிங் கூடத்து பாரில் ஒரு தேர்தல் நடக்கும். 'நம்ம சரித்திரத்திலேயே உருப்படாத முதல் சுற்று ஆள் யார்?' பியர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையில் பெயரை எழுதிப் போட வேண்டும்.

"இந்த வருஷம் அந்த நெட்டைப் பயலுக்குப் போடுங்கப்பா," என்றார் மார்ட்டி, மூக்கால். "எதிராளி தும்மினாலே விழுந்துருவானே!"

"விழறதுக்காவது அவன் மைதானத்துல இருந்தான்டா," என்று பாரின் வாடிக்கைக்காரர் ரே கோவாலிச் அட்டையை மேஜையில் அறைந்தார். "டேரல் ஸ்வின்டன்! ரெண்டாவது சீசன்ல இடது பக்கம் வந்த பந்து ஒண்ணாவது பிடிச்சானா? என் மாமியார் பிடிப்பா, ஊன்றுகோலைக் கீழ போட்டுட்டு!"

"உங்க மாமியாரை எடுத்திருக்கலாம்," என்றார் அப்பா.

"சம்பளம் ஜாஸ்தி கேப்பா!"

பார் முழுக்கச் சிரிப்பு. (இது அந்தச் சிரிப்பு இல்லை. பொறுங்கள்.)

வருஷா வருஷம் ஸ்வின்டனைத்தான் ரே ஜெயிக்க வைப்பார். பதினாலு வருஷத்துக்கு முன் வந்த ஆள். முதல் சீசனில் பறந்தான். இரண்டாவதில் எல்லாப் பந்தையும் விட்டான். மூன்றாவதில் ஆளையே காணோம்.

அவனுடைய பழைய பேட்டி ஒன்றை இரண்டு நாள் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த அலபாமா ஊர்ப் பேச்சு இழுவையை என் தொண்டைக்குள் இறக்கியிருந்தேன்.

வாடகை ஷூ அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, செல்போனில் பாரின் நம்பரை அடித்தேன். அப்பா எடுத்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "ரே, உனக்குத்தான்," என்று நீட்டினார்.

"கோவாலிச் பேசறேன். யாரு?"

"சார்... நான் டேரல் ஸ்வின்டன், சார். வருஷா வருஷம் என் பேரை எழுதறது நீங்கதானாமே? மறக்காம இருக்கீங்க. நன்றி சொல்லலாம்னு கூப்பிட்டேன், சார்."

திட்டம் இதுதான். ரே திணறுவார், வழிவார், 'நான் இல்லப்பா, மார்ட்டிதான்' என்பார். உடனே நான் என் சொந்தக் குரலில் "மிஸ்டர் கே, நான் மைலோ!" என்பேன். அங்கேதான் எல்லோரும் சிரிக்க வேண்டும்.

ரே திணறவில்லை. நீளமான போன் வயரை இழுத்துக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி சுவரோரம் போனார்.

"தம்பி," என்றார். கத்தியே பழகிய மனுஷன், அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "உன்னை எங்கெங்கயோ தேடினேன். உன் கண்ணு எப்படிப்பா இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. "எந்தக் கண்ணு, சார்?"

"இடது கண்ணு. டிசம்பர்ல அந்த ஆட்டம், பனி கொட்டுச்சே... தோத்துட்டு உள்ள போனீங்க. நீ ஹெல்மெட்டைக் கழட்டிட்ட. நாங்க எல்லாரும் கேலரி மேலேர்ந்து பனியை உருட்டி உருட்டி எறிஞ்சோம்."

செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"என் உருண்டைக்குள்ள ஒரு டார்ச் பாட்டரி இருந்துச்சுப்பா."

பாரில் மார்ட்டி கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அப்பா என் பக்கம் பார்த்து, 'எப்போடா?' என்று புருவத்தைத் தூக்கினார்.

"நீ கண்ணைப் பொத்திட்டு உக்காந்தியே, அதைப் பார்த்தேன். பக்கத்துல இருந்தவன் என் முதுகுல தட்டி, சரியான குறின்னான். நானும் சிரிச்சேன். அடுத்த வருஷம் இடது பக்கம் வந்த ஒவ்வொரு பந்தையும் நீ விட்ட. கண்ணுல அடின்னு டீமும் சொல்லல, நீயும் சொல்லல. எனக்குத் தெரியும்."

"சார்..."

"அதான் வருஷா வருஷம் உன் பேரைக் கத்தறேன். உனக்குப் பிடிக்கத் தெரியலன்னு ஊரே சொல்லிட்டிருந்தா, அது என்னால இல்லன்னு ஆயிடும்ல?" மூச்சு வாங்கியது. "ஆகலப்பா. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

மிஸ்டர் கே, நான் மைலோ. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். எல்லோருடைய குரலும் வரும் எனக்கு, என் குரல் வரவில்லை.

"விட்டுடுங்க, சார்," என்றேன், ஸ்வின்டனாகவே. "நான் எப்பவோ மன்னிச்சாச்சு."

அவருடைய தோள்கள் இறங்கின.

அந்த நேரம் பார்த்து ஏழாம் தடத்தில் யாரோ பத்துக் கட்டையையும் ஒரே உருட்டில் சாய்த்தார்கள். படீரென்ற அந்தச் சத்தம் ரேயின் ஒரு காதில் கூடத்திலிருந்தும், இன்னொரு காதில் போனிலிருந்தும் விழுந்தது.

அவர் திரும்பினார்.

மார்ட்டியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வெடித்தார். அப்பா வெடித்தார். பார் முழுக்க மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தது.

ரே அவர்களைப் பார்த்தார். பிறகு ஷூ அடுக்கின் பக்கம் பார்த்தார். நான் எப்போது எழுந்து நின்றேனோ, காதில் செல்போனோடு நின்றிருந்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, அதற்குள்ளேயே பேசினார்.

"இன்னொரு தடவை சொல்லுடா, மைலோ. அவன் குரல்லயே."