வெள்ளைச் சட்டை

அரசுப் பேருந்துக் கிளையின் மேலாளர் சிதம்பரநாதனுக்கு இப்போதெல்லாம் திடுக்கிட எதுவுமே இல்லை. காலையில் கணினித் திரையைத் திறந்தால் அன்றைக்கு நடக்கப்போவது அத்தனையும் வரிசையாக நிற்கும், ஒன்றும் தப்பாது; வரும் வருஷங்களைக் கேட்டாலும் சொல்லிவிடும். அலுத்துப்போய், பாதிக்கு மேல் அவர் படிப்பதேயில்லை.

அலமாரியில் தேய்த்த வெள்ளைச் சட்டை ஒன்று இன்னும் தொங்கியது. திரை வருவதற்கு முன், அமைச்சர் எந்த நேரம் வந்து குதிப்பாரோ என்று வைத்திருந்தது. இடமாறுதல் வருமா, டீசல் வருமா என்று தினமும் வயிற்றில் புளியைக் கரைத்த காலம். அதற்குப்போய் மனசு ஏங்கும் என்று யார் கண்டது?

மீன் விற்கும் சூசையம்மா வந்து நின்றாள்.

"விடியக்காலம் எங்க ஊருக்கு ஒரு பஸ்ஸு விடுங்கய்யா."

"வராதும்மா. எந்த வருஷமும் வராதுன்னு திரை சொல்லுது."

"அது எனக்கும் தெரியும். முன்னெல்லாம் 'பார்க்கலாம்'னு சொல்லுவீங்க. அதக் கேட்டுட்டுப் போனா ஆறு மாசம் ஓடிரும். ஒருக்கா சொல்லுங்கய்யா."

திரைக்கு மாறாகப் பேசினால் வேலைக்கே உலை. சிதம்பரநாதன் தொண்டையைச் செருமினார்.

"பார்க்கலாம்மா."

சூசையம்மா முகம் மலரக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவர் திரையைத் தள்ளி, காலையில் படிக்காமல் விட்ட வரிகளைப் பார்த்தார். '11.20: மேலாளர் பார்க்கலாம் என்பார். 11.40: விசாரணைக்கு அதிகாரிகள் வருவார்கள்.' காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வயிற்றில் புளியைக் கரைத்தது. சிதம்பரநாதன் சிரித்தபடி எழுந்துபோய் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.