வெளிநடப்புக்குப் பிறகு

கட்சி எம்.பி.க்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவர் எழவில்லை.

கொறடா முத்தழகு வாசலில் நின்று கையாட்டினார். உட்கார்ந்திருந்த அவர் குனிந்து, செருப்பைத் தேடுகிறவர்போல் பாவனை செய்தார்.

நாலு முறை ஜெயித்துத் தலைநகருக்கு வந்தவர். எங்கள் மொழி, எங்கள் மண், எங்கள் கடல் என்று மேடை மேடையாய்த் தொண்டை கிழியக் கத்தியவர். ஓட்டெடுப்பு நெருங்கினால் கட்சி வெளிநடப்பு செய்துவிடும். அது வழக்கம். வாசலில் கேமராக்கள் காத்திருக்கும்.

அதற்கப்புறம் உள்ளே என்னதான் நடக்கிறது?

இத்தனை வருஷத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. மொய் எழுதிய கையோடு பந்தியில் உட்காராமல் கிளம்புகிறவனுக்கு வரும் ஆசைதான்.

இன்று பார்த்தேவிடுவது.

அதுவும் இன்றைய மசோதா அவருடைய கடற்கரையைப் பற்றியது. நிறைவேறினால் தொகுதியின் மணல் முழுக்கக் கம்பெனிக்காரன் கைக்குப் போய்விடும். வலை காயப்போடக்கூட இடமிருக்காது.

உள்ளே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவரைத் தூக்கிவாரிப் போட்டது.

ஆளுங்கட்சி வரிசையில் பாதி நாற்காலி காலி. இவர்கள்தான் எப்படியும் போய்விடுவார்களே என்று அவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அமைச்சர் வாய் மூடாமல் கொட்டாவி விட்டார்.

அவைத்தலைவர், ஆதரிப்போர் என்றார். ஒரு முணுமுணுப்பு.

எதிர்ப்போர் என்றார். மற்ற மொழிக்காரர்களின் சின்னக் கட்சிகள் ஏதோ முனகின. அதற்குள் அவைத்தலைவர் தாளைப் புரட்டிவிட்டார்.

"எதிர்க்கிறேன். ஓட்டை எண்ணணும்."

தமிழில்தான் சொன்னார். அவைத்தலைவர் மொழிபெயர்ப்புக் கருவியைத் தேடியெடுத்துக் காதில் மாட்டினார்.

மணி அடித்தது. வெளியே இருக்கும் உறுப்பினர்களை ஓட்டுப்போட அழைக்கும் மணி. அது நின்றதும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஆளுங்கட்சிக்காரர்கள் சிலர் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்கள்.

அவர் வாசலையே பார்த்தார். வாங்கய்யா, வாங்க.

வெளியே கோஷம் கேட்டது.

கதவு சாத்தப்பட்டது.

மசோதா நிறைவேறியது. ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில்.

அவர் வெளியே வந்ததும் முத்தழகு பாய்ந்தார்.

"தோக்குற ஓட்டுக்கு உள்ள உக்காந்து என்னத்தக் கிழிச்சீரு?"

"மணிச் சத்தம் கேக்கலையா?"

"கேட்டுச்சு. வெளிநடப்பு செஞ்சவன் திரும்ப உள்ள போனா ஊரே சிரிக்காதா?"

"ஒம்போது ஓட்டுலதான் தோத்தோம்."

கட்சியின் எம்.பி.க்கள் பதினான்கு பேர் அங்கே நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இதற்கு முன் வெளிநடப்பு செய்து நிறைவேறவிட்ட மசோதாக்கள் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகத்துக்கு வந்தன.

முத்தழகு குரலைத் தாழ்த்தினார்.

"இத ஊர்ல சொல்லிராதேயும். கட்சி அழிஞ்சுபோகும்."

கைபேசி அதிர்ந்தது. கடற்கரையிலிருந்து, ஊர்க் கமிட்டித் தலைவர் சந்தியாகு.

"அண்ணாச்சி, டிவியில பாத்தோம். நம்ம ஆளுக எல்லாரும் எதுத்து வெளிய வந்தாவ. ஒங்களத்தான் காணல. கம்பெனிக்காரன்ட்ட வெல போய்ட்டியளான்னு கரையில கேக்காவ. நான் என்ன சொல்லட்டும்?"

முத்தழகு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.