ஆண்டியப்பனின் சட்டை

காட்டுக்குப் போன ஆண்டியப்பன் திரும்பவில்லை. அவனுடைய சட்டை மட்டும் ரத்தக்கறையோடு கிடைத்தது. தடய அறிவியல் கூடத்தில் அந்தக் கறையைச் சோதித்துப் பார்த்த அருமைநாதனுக்கு முதலில் ஒரு குழப்பமும் இல்லை. கறையில் மூன்று பங்கு மனித ரத்தம், ஒரு பங்கு சிறுத்தை ரத்தம். மனிதப் பங்கு ஆண்டியப்பனுடையதுதானா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வரும் என்பதால், அவனுடைய அம்மா சடைச்சியை வரவழைத்து, வாய்க்குள் பஞ்சுக்குச்சி விட்டு எச்சில் எடுத்து ஒப்பிட்டார். மனிதப் பங்கோடு அது பொருந்தவில்லை. சிறுத்தைப் பங்கோடு கச்சிதமாகப் பொருந்தியது.

சோதனைக் குழாயை மாற்றிவிட்டோம் போல என்று தலையில் அடித்துக்கொண்டு, சடைச்சியை மறுபடி வரச்சொல்லி மறுபடி எச்சில் எடுத்தார். மறுபடியும் சிறுத்தைதான்.

வெளியே பெஞ்சில் மாமியாரோடு காத்திருந்த ஆண்டியப்பனின் மனைவி மாரிக்கனி எழுந்து வந்தாள்.

“சார், நான் தாலிய வச்சிருக்கவா, கழட்டவா? அத மட்டும் சொல்லுங்க.”

“அந்த மனுச ரத்தம் உங்க வீட்டுக்காரரோடது இல்லம்மா.”

“அப்ப அவரு ரத்தமே அதுல இல்லியா?”

அருமைநாதன் அறிக்கையை மூடி வைத்தார். “இருக்கு. கொஞ்சம்தான். கீறல் பட்ட மாதிரி.”

மாரிக்கனி தாலியைக் கண்ணில் ஒற்றி உள்ளே விட்டுக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. “அப்ப மிச்ச ரத்தம் ஆருது சார்?”

“அவன் வந்தா கேட்டுக்கிடலாம். வாடி, பஸ்ஸு போயிரும்” என்ற சடைச்சி, வாயை அகலத் திறந்து நிதானமாகக் கொட்டாவி விட்டாள்.

அருமைநாதன் தன் வலதுகை விரல்களை ஒருதடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.