டிக் சத்தத்துக்கு ஒரு செட்டிங்

"ஹாஜியார், இன்னும் அஞ்சே நிமிஷம்."

முர்ஷித் இதைச் சொன்னது அன்றைக்கு ஆறாவது தடவை.

சாய்ந்தமருதில் வீட்டு முன்னறையை ஒலிப்பதிவுக் கூடமாக்கி மூன்று மாதம். பள்ளிவாசல் நிர்வாகம் கொடுத்த முதல் வேலை இது. நாளைய இரத்ததான முகாமுக்கு இரண்டு நிமிட அறிவித்தல், அவன் குரலிலேயே. மூன்றரை மணி அஸர் தொழுகைக்கு முன் முடிந்தால் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஊருக்குள் போகும். முடியாவிட்டால் வேலை கல்முனை சப்ரிக்குப் போய்விடும்.

சப்ரி கைப்போனிலேயே பதிகிறவன். 'அதெல்லாம் ஒரு ரெக்கோர்டிங்கா?' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் முர்ஷித். இப்போது அந்தப் போனுக்கு முன்னால் தலைகுனிய வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மனே கோளாறு?" நிர்வாகத்தின் சார்பில் வந்திருந்த சீனிமுகம்மது ஹாஜியார் பின்னாலிருந்து கேட்டார்.

"பதிஞ்சு கேட்டா இடையில டிக் டிக் எண்டு வருது. பஃபர் பிரச்சின."

"அது என்ன?"

"நாம கதைக்கிறத கம்பியூட்டர் கவளம் கவளமாத்தான் விழுங்கும். சின்னக் கவளமெண்டா அவதிப்பட்டு இடையில சிந்தும். அந்தச் சிந்துறதுதான் டிக்."

"அப்ப பெரிய கவளமாக் குடுங்களன்."

அதைத்தான் செய்யவும் வேண்டும். ஆனாலும் அது அவர் வாயால் வந்தது முர்ஷிதுக்குப் பிடிக்கவில்லை.

"கொஞ்சம் கதைக்காம இரிங்க ஹாஜியார். மைக் சத்தத்த இழுக்கும்."

ஹாஜியார் சால்வையை மடியில் போட்டுக்கொண்டு தலை குனிந்தார்.

முர்ஷித் காதை இறுக்கிப் பொத்தும் ஹெட்போனை மறுபடி மாட்டினான். கவள அளவை, அதுதான் பஃபரை, 128இலிருந்து 256 ஆக்கினான். டிக். 512. டிக், டிக். வைஃபையை நிறுத்தினான். வைரஸ் காவலையும் நிறுத்தினான். 1024இல் வைத்து, மின்சாரச் சிக்கனத்தையும் தூக்கிக் கடாசினான். அவன் பதற்றம் கூடக் கூட டிக்கும் கூடியது.

ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம். முர்ஷித் மேடையோடு நிற்கவில்லை. கேபிளைக் குறை சொன்னான், விற்ற கடைக்காரனைக் குறை சொன்னான், வெக்கையைக் குறை சொன்னான். தன்னை மட்டும் விட்டுவைத்தான்.

திரும்பிப் பார்த்தபோது ஹாஜியாரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

'வாய்க்குள்ள என்னை ஏசுறார்' என்று முர்ஷிதுக்கு விளங்கிவிட்டது. 'பெரிய மனுசன். நேரே ஏசினாலும் பரவாயில்ல.'

மூன்று மணியாயிற்று. கடைசி மருந்தாக எல்லாவற்றையும் அணைத்தான். திரை கறுத்தது. மைக் செருகிய பெட்டியின் சிவப்பு விளக்கும் செத்தது. தோற்றுப்போனவனாக ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

டிக்.

முர்ஷித் கறுத்த திரையைப் பார்த்தான்.

டிக்.

மெல்லத் திரும்பினான். சத்தம் ஹாஜியாரின் சால்வைக்குள்ளிருந்து வந்தது. அவர் விரலில் மோதிரம் மாதிரி, ஓதுவதை எண்ணும் ஒரு சின்னத் தஸ்பீஹ் கவுண்டர். ஒரு தடவை ஓத ஒரு அழுத்து, ஒரு அழுத்துக்கு ஒரு டிக்.

இரண்டு மணி நேரத்து ஆத்திரம் முழுக்க முர்ஷிதின் தொண்டைக்கு வந்தது. "ஹாஜியார், நீங்க..."

"ஓம் மனே, வந்த நேரமிருந்து வழக்கம்போல ஓதிட்டுத்தான் இரிக்கன். நீங்க படுற பாட்டப் பாக்க மனசு கேக்கல்ல. கதைக்கவும் வேணாம் எண்டிட்டீங்க. நான் வேற என்ன செய்ய? இந்த மிஷின் சரியாகணும் எண்டு நபி பேரில ஆயிரம் ஸலவாத்து ஓத நிய்யத்து வெச்சன்." கவுண்டரைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "இன்னும் பதினேழுதான் மிச்சம்."

ஆத்திரம் வந்த வழியே திரும்பிப் போனது. ஏசுகிறார் என்று நினைத்ததை எண்ண முர்ஷிதுக்கு வெட்கமாக இருந்தது.

"ஓதி முடிங்க ஹாஜியார். நான் இரிக்கன்."

கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். பதினேழு டிக்கும் முடிந்தது. கம்பியூட்டரைப் போட்டு, ஒரே மூச்சில் அறிவித்தலை வாசித்தான். போட்டுக் காட்டினான். ஒரு பொட்டுச் சத்தமில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஹாஜியார் முகத்தைத் தடவிக்கொண்டார். "கடைசியா எந்தச் செட்டிங்கில மனே சரி வந்த?"

வேறு நாளென்றால் முர்ஷித் அரை மணி நேரம் விளக்கியிருப்பான்.

"செட்டிங் ஒண்டுமில்ல ஹாஜியார். உங்கட ஸலவாத்து முடிஞ்ச உடன சரி வந்திட்டு."